பொடக்காளிக் குருவிகளும் ஒரு அண்டா வெந்நீரும்

என் அருமை மாமா,

நீங்கள் சாமிகிட்டப் போன பிறகு வந்த முதல் மார்கழி இது. நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். தப்பு இருந்தால் எப்போதும் போலச் சிரித்துக்கொள்ளுங்கள். அங்கே குளிருதுங்களா? இங்கே நம் பனியன் ஊர் ராயபுரத்தில் விடிகாலையில் சிமெண்ட் சீட்டுக் கூரையிலிருந்து பனி சொட்டுகிறது. தரையில் கால் வைக்க முடியவில்லை.

சாயப்பட்டறை பாய்லரில் வேலை முடிந்து வரும்போது, முதலாளியிடம் கேட்டு ஒரு கட்டு விறகுத் துண்டு கொண்டுவருவீர்கள். நான் எழுவதற்குள் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற பொடக்காளியில் அண்டாத் தண்ணீர் காய்ந்திருக்கும். நீங்கள் இருந்தவரை வெந்நீருக்கு விலை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அதை நினைத்து நினைத்துக் கும்பிடுகிறேன், மாமா.

நம் மகன் கரண்டில் தண்ணீர் காயவைக்கிற கம்பி வாங்கித் தந்தான். வீட்டு ஓனர் கரண்டுக்குப் போட்ட கணக்கைப் பார்த்ததும் அதை ஆணியில் மாட்டிவிட்டேன். கேஸ் சோறாக்கவே இழுத்துப் பறிக்கிறது. பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மூட்டு வலி எழுந்திருக்க விடவில்லை. ஆனாலும் சுவர்மேல் நீங்கள் குருவிகளுக்கு இறைத்துவந்த கம்புத் தானியத்தை நான் நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டு ருக்குமணி சும்மா இருப்பாளா?

"ஏனுங்க்கா, உங்களுக்குப் பச்சத்தண்ணி, குருவிக்கு மட்டும் விருந்துங்களா?"

"எனக்குச் சேலை இருக்குது கண்ணு, போத்திக்குவேன். அதுக எதப் போத்தும்?"

வாய்தான் அப்படிச் சொன்னது. கம்பு டப்பா அடியைத் தொட்டுவிட்டது. விறகு வாங்குவதா, கம்பு வாங்குவதா? கம்பை நிறுத்தினால் உங்கள் கையை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடாதா?

அந்த நேரத்தில்தான் ஒரு கிறுக்கு வேலை செய்தேன். பனியன் கம்பெனியில் நான் வெட்டுகிற தையல் பிசிறு நூலைப் பை நிறையக் கொண்டுவந்து, குருவிகள் அடைய நீங்கள் சுவரில் கட்டிவைத்த அட்டைப் பெட்டிக்குள் மெத்தை மாதிரிப் போட்டேன். பனியன் நமக்குச் சூடு தருகிறதே, குருவிக்குத் தராதா என்று நினைப்பு. மறுநாள் ஒரு பெட்டைக்குருவி காலில் நூல் சுற்றித் தலைகீழாகத் தொங்கியது.

நான் போட்ட கூச்சலில் ருக்குமணி ஓடிவந்து அதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். பிசிறு வெட்டும் கத்திரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். கம்பெனியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறவள், மாமா, அன்றைக்கு ஒரு இழைக்கு ஒரு நிமிசம் எடுத்தேன்.

"அக்கா, இத்துணூண்டு உசுரு! கைக்குள்ள அடுப்பு வெச்ச மாதிரி சூடா இருக்குதுங்க" என்றாள்.

கையை விரித்ததும் அது கேபிள் ஒயரில் போய் உட்கார்ந்து, எங்களைத் திட்டுகிற மாதிரிக் கத்தியது. நூலையெல்லாம் அள்ளி எடுத்துவிட்டேன். ருக்குமணி மட்டும் போகாமல், அணைந்து கிடந்த நம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு ஊட்டுக்கும் ஒரே அண்டால தண்ணி வெச்சா என்னங்க்கா? வெறகு ஆளுக்குப் பாதி. மிச்சத்துல கம்பு வாங்கிக்குங்க. ஆனா நாந்தான் மொதல்ல குளிப்பேன், ஆமா!"

"குளிச்சுக்க சாமி" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இப்போது விடிந்ததும் நான் கம்பு இறைக்கிறேன், அவள் அடுப்பு மூட்டுகிறாள். ஆவி எழும்பினால் குருவிகள் சுவரில் நெருங்கி நெருங்கி உட்காருகின்றன. கம்புக்கா, கதகதப்புக்கா? நீங்கள் இருந்தால் சொல்வீர்கள்.

இனி பச்சைத் தண்ணீரில் குளிக்க மாட்டேன், மாமா. அந்தச் சுவரையும் வெறுமையாக விட மாட்டேன். நீங்கள் கவலைப்படாமல் இருங்கள்.

உங்களால் இத்தனை வருசம் குளிர் தெரியாமல் வாழ்ந்த சம்சாரம்,
சரசு