கரைந்துபோன பாக்கெட்

அன்பு பாப்பாவுக்கு, அப்பா நலம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நீ செய்து அனுப்பிய ஷாம்பு பாக்கெட்டை நேற்று என் நாலு முடிக்குப் போட்டேன். குளித்ததும் காலி பாக்கெட்டைத் தேடி, தண்ணீர் போகும் துளைக்குள் கைவிட்டுத் துழாவினேன். பாக்கெட்டும் தண்ணீரில் கரைந்துவிடும் என்று நீ சொன்னது மறந்தே போயிற்று. இந்த விடுதியில் குழாய் அடைப்பு எடுப்பவனின் பழக்கதோஷம். அறையில் இருக்கும் வெல்டர், "என்னண்ணே, ரூமுக்கு வந்தும் டூட்டியா?" என்று சிரித்தார்.

செய்முறைப் பரீட்சைக்கு முன் அதில் ஒன்றைச் சரிசெய். ஈரக்கையால் எடுத்தால் தலைக்குப் போகுமுன்பே கரைகிறது.

வலித் தைலம் ஒன்று அனுப்பு, அம்மாவுக்குத் தெரியவேண்டாம். வேலைக்கு நேரமாகிவிட்டது.

இதை ஏன் செய்கிறாய் என்று போனில் கேட்டதற்கு, "சார் குடுத்த புராஜெக்டுப்பா" என்றாய். சரி என்றேன். லீவில் நான் ஊருக்கு வந்தபோது, அடைத்த குழாய்களில் ஷாம்பு பாக்கெட்டுகளை அள்ளிப் புண்ணான என் விரல்களை நீ பார்த்துக்கொண்டே இருந்ததை நானும் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

அப்பா