எல்லோரும் அமரர்

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. கொச்சி, கொச்சங்காடி ஆபீஸ். கீழே கிடங்கில் மிளகு மூட்டை, மேலே எங்களுக்குத் தும்மல்.

தமிழ்ச் சங்கத்தின் குடும்ப டைரக்டரி. முதல்முறையாக முழு வேலையும் என் பொறுப்பில். எக்ஸ்எம்எல் கோப்பாக வந்த விவரங்களை அச்சுப் பக்கமாக மாற்றும் டெம்ப்ளேட் எழுத வேண்டும். இறந்தவர்கள் பெயருக்கு முன்னால் 'அமரர்' தானாக வர வேண்டும், சங்கத்து வழக்கம்.

சோதனைக்கு அப்பாவின் பதிவை மட்டும் ஓட்டினேன். போய் மூன்று வருடம். 'அமரர்' சரியாக வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாப் பதிவையும் ஓட்டி, மாதிரிப் பிரதி சங்கத்துக்கு அனுப்பியாயிற்று.

வாங்க: கப்பைக்கிழங்கு, அம்மாவுக்கு மாத்திரை. குடைக்கம்பி!

ஜூன் 10, செவ்வாய்

மானம் போயிற்று. சங்கச் செயலாளர் ராஜாமணி மாமா போனில்: "ஏன் மோளே, நான் எப்போ செத்தேன்? காலம்பற சாயா குடிச்சது யாராக்கும்?"

மாமா மட்டுமில்லை. போன மாதம் பிறந்த அவர் பேத்தியும் அமரர். சங்கமே அமரர்.

முதலாளி ஜோஸ் சேட்டன் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் திருத்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். அடுத்த பதிப்புக்கு யார் திருத்துவது? நாளை மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேலை காக்கநாட்டில் இருக்கும் வேறொரு ஆளுக்குப் போகுமாம். எனக்கு என் மேலேயே கோபம்.

ஜூன் 11, புதன்

கிடைத்துவிட்டது! பள்ளுருத்தி பஸ்ஸில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது.

யாருக்கு 'அமரர்' போடுவது என்பதற்கு, 'மறைவு என்ற டேக் உள்ள நபர்' என்று பாட்டர்ன் எழுதியிருந்தேன். இறந்த தேதி எழுதும் அந்த டேக் எல்லோருக்கும் உண்டு, உயிரோடிருப்பவர்களுக்குக் காலியாக. டேக் இருக்கிறதா என்று கேட்டேனே தவிர, உள்ளே தேதி இருக்கிறதா என்று கேட்கவில்லை. அப்பாவை மட்டும் ஓட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும்?

'மறைவு காலியாக இல்லாத நபர்' என்று மாற்றினேன். ஒரே வரி. மாமா பிழைத்தார், பேத்தி பிழைத்தாள். சேட்டன் பக்கம் பக்கமாகப் புரட்டி, "கொள்ளாம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. போதும், போதும்.

ஜூன் 15, ஞாயிறு

வெளியீடு. மாமா மைக்கில்: "என்னைக் கொன்னதும் இவதான், உசிரோட எழுப்பினதும் இவதான்." ஒரே கைதட்டல். வெட்கம். சந்தோஷம்தான் அதிகம்.

வீட்டில் அம்மா எங்கள் பக்கத்தைத் திறந்தாள். அவளுக்கு மலையாளம் சரளம், தமிழ் எழுத்துக்கூட்டித்தான். அப்பா பெயருக்கு முன்னால் இருந்த 'அமரர்' மேல் விரல் நின்றது. பிறகு அவள் பெயர், என் பெயர்.

"அப்பாக்கு மட்டும் நீ பார்த்துப் போட்டியா?"

"நான் போடலைம்மா. தானா வந்தது. அப்படி வரவெச்சது நான்."