பங்காக் கயிறு வரும் ஓட்டை

கோயமுத்தூர்,
18-11-1996

அன்பு மகள் மெர்சிக்கு, கர்த்தர் தயவில் நானும் உன் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நைட் டூட்டியிலும் உடம்பு கெடாமல் இருக்க ஜெபிக்கிறோம் கண்ணு. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே, உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். நம் சர்ச்சின் நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்குச் செயலாளர் சுந்தரராஜுலு என்னை வரச் சொல்லியிருந்தார், வரலாறு வாசிக்கத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டு, ஊட்டிக்குப் போகிற வழியில் தங்கிய வெள்ளைக்காரர்கள் கட்டியது, ஆனைமலைத் தேக்கு உத்தரம், கூர்வளைவு ஜன்னல், சீமையிலிருந்து கப்பலில் வந்த கலர் கண்ணாடி என்றெல்லாம் மனப்பாடம் செய்து, கஞ்சி போட்ட சட்டையோடு போய் நின்றேன். அவர் கொடுத்தது ஒரு தலைப்பாகையும் முழங்காலுக்கு எட்டாத ஒரு துண்டும். "ஐயாசாமி, உங்க தாத்தன் பங்கா இழுத்த எடமுங்க, நீங்க இழுத்தாத்தான் தத்ரூபமா இருக்கும்" என்றார். கமிட்டியே சிரித்தது, நானும் சிரித்துப்போட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, உள்ளே உத்தரத்தில் பங்கா என்கிற துணி விசிறி தொங்கும், மேற்குச் சுவரில் ஒரு கை நுழையும் ஓட்டை வழியாக அதன் கயிறு வெளியே வரும், அந்தக் காலத்தில் என் தாத்தா வெளியிலேயே உட்கார்ந்து இழுப்பார், உள்ளே அவருக்கு இடமில்லை. ஆராதனை முழுக்க நானும் அப்படியே இழுத்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் நம்முடைய கடைசி பெஞ்சு. உனக்குப் பேசியிருக்கும் ஈரோட்டு மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பந்தம் பேச உன் அம்மாவும் அவள் அண்ணன் சுப்பண்ண மாமனும்தான் போனார்கள், எனக்கு மில்லில் ஷிப்ட், அதனால் அவர்கள் என்னைப் பார்த்ததில்லை. "பொண்ணோட அப்பா எங்கீங்க, காணமே?" என்று அந்தம்மா கேட்டார்கள். "பல்லடத்துல ஒரு சோலிங்க, போயிருக்காருங்க" என்றாள் உன் அம்மா. வெளியே இழுக்கிறது யாரென்று கேட்டதற்கு, "யாரோ கூலிக்காரனுங்க" என்றாள். வந்தவர்களுக்கு வேர்க்கக்கூடாதே என்று இன்னும் வேகமாக இழுத்தேன், கொப்புளம் அப்போது வந்ததுதான்.

முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா வெளியே வந்து, "நல்லா இழுத்தேப்பா, இந்தாளுக்கும் ஒரு பொட்டலம் குடுங்க" என்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சம்பந்தி கையால் முதல் சாப்பாடு, உப்புதான் கொஞ்சம் குறைச்சல்.

அவர்களுக்கு நம் குடும்பம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், தை மாதம் நிச்சயம். "ஏனுங்க, கை இப்படி இருக்குது, தட்டு மாத்தறப்ப என்ர அண்ணன் நிக்கட்டுமுங்க, நீங்க பந்தியப் பாத்துக்குங்க" என்கிறாள் உன் அம்மா. கொப்புளம் அடுத்த வாரமே ஆறிவிடும், இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். பையன் நல்ல பையன், நீ எதையும் நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே, உன்னையும் உன் குடித்தனத்தையும் கர்த்தர் கைவிடமாட்டார். வரும்போது அம்மாவுக்குத் தைலம் வாங்கி வர மறக்காதே, இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்காதே. கயிறு வருகிற ஓட்டையில் பேச்சும் வரும் என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

உன் அப்பா,
ஐயாசாமி