இரண்டு மாப்பிள்ளைகள், ஒரு நாற்காலி

செப்டம்பர் 14, திங்கள்

பேப்பரில் வழக்கம்போல இரண்டு படங்களும் பக்கத்துப் பக்கத்தில். இடதுபக்கம் என் வீட்டுக்காரர், பச்சை அணியின் மேனேஜர். பேப்பர் போட்டது பத்துக்கு நான்கு மார்க். வலதுபக்கம் என் தங்கை வீட்டுக்காரர், மஞ்சள் அணியின் மேனேஜர். பத்துக்கு எட்டு. ஒரே ஊர், ஒரே கால்பந்து லீக், ஒரே குடும்பம். பேப்பர்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை இரண்டு அணிகளும் வெளியூர்க்காரர்களோடு ஆடின. இரண்டுமே ஒன்றுக்கு ஒன்று, டிரா. தங்கை வீட்டுக்காரர் 'சாமர்த்தியமாக ஒரு புள்ளியைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்'. இவர் 'கைக்கு வந்த இரண்டு புள்ளிகளைக் கோட்டைவிட்டார்'. நான் அதை இரண்டு முறை படித்தேன். என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

மருந்துக்கடை கவுண்டரைத் திறந்ததும் முதல் ஆள், பிரஷர் மாத்திரைக்கு வந்த பழைய தபால்காரர். "உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துலதான்மா இந்த மாத்திரையே" என்றார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் ஐயா. மேட்ச் அன்னிக்கு ரெண்டா போட்டுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

செப்டம்பர் 20, ஞாயிறு

அப்பா வீட்டில் சாப்பாடு. அப்பா முப்பத்தைந்து வருடம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பதுதான் வேலை. நாற்பது வருடமாக மஞ்சள் அணியின் ரசிகரும்கூட. வெயில் காலத்திலும் மஞ்சள் மப்ளர்.

அந்த வீட்டில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. கல்யாணமான புதிதில் அதில் இவர்தான் உட்காருவார். மூன்று வருடத்துக்கு முன்னால் சின்ன மாப்பிள்ளை மஞ்சளுக்கு மேனேஜராக வந்தார். அன்றிலிருந்து இவருக்கு ஸ்டூல். முதுகு சாய்க்க முடியாத ஸ்டூல்.

"பெரிய மாப்பிள்ளை கோட்டோரமா சிலையாட்டம் நிக்கறாரு. சின்னவரைப் பாரு, ஆடறவனைவிட அவருக்குத்தான் அதிகமா வேர்க்குது. அதுதான் ஈடுபாடு!" என்றார் அப்பா.

இவர் தண்ணீர் குடித்தார். தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே — சின்ன வயதில் என் பேனாவை ஒளித்துவைத்துவிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

அக்டோபர் 5, திங்கள்

இவருக்கு 3. சின்னவருக்கு 9. இவர் நான்கு நாளாகச் சவரம் செய்யவில்லை என்று அதற்கும் ஒரு பத்தி.

அக்டோபர் 6, செவ்வாய்

தினமும் சாயங்காலம் இவர் குப்பை கொட்டப் போகிறார். போனால் முக்கால் மணி நேரம். எங்கள் வீட்டில் அவ்வளவு குப்பை சேருவதில்லை. இன்று பின்னாலேயே போனேன்.

காருக்குப் பக்கத்தில் நிற்கிறார். பானெட்டின் மேல் வரிசையாக இருமல் மருந்து பாட்டில் மூடிகள், எல்லாம் எங்கள் கடையுடையவை. நான் ஒரு மாதமாகத் தேடுகிறேன்! காதில் போன். ஒரு மூடியை ஆட்டக்காரனாக நினைத்து நகர்த்திக்கொண்டே பேசுகிறார். "சகலை, உங்க லெஃப்ட் பேக்கைக் கொஞ்சம் உள்ள இழுங்க... ஆமா, போன வாரம் மாதிரியே."

போன வாரம் என்றால்? சின்னவருக்கு ஒன்பது மார்க் வாங்கிக் கொடுத்த அந்த 'துணிச்சலான மாற்றம்'. அது இவருடைய யோசனையா?

"அப்ப உங்களுக்கு மூணு, அவருக்கு ஒம்போதா? உங்க மூளையை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"கத்தாதே. அவரும் எனக்குச் சொல்வாரு. கோல்கீப்பரை மாத்தச் சொன்னது அவர்தான்."

அதற்குத்தான் பேப்பர் இவரைக் கிழிகிழி என்று கிழித்தது. ஆக, இவர் யோசனைக்கு அவருக்குப் பாராட்டு, அவர் யோசனைக்கு இவருக்குத் திட்டு. இரண்டு பேரும் நேருக்கு நேர் மோதும் வாரத்தில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்களாம். அதில் ரொம்பக் கறாராம்!

"உங்கப்பாகிட்ட சொல்லிடாதே" என்றார். கிளப்பைவிட அப்பாவிடம்தான் இவருக்குப் பயம்.

மூடிகளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகு பாவமாக இருந்தது. பதினொன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 6, வெள்ளி

கிளப் செயலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இருபத்தெட்டாம் தேதி மஞ்சளோடு மோதுகிறோம். ஜெயித்தால் வேலை இருக்கும். இல்லையென்றால் இல்லை.

இது கிளப் கொடுத்த வீடு. வேலை போனால் வீடும் போகும். சமையலறை ஜன்னலுக்கு இப்போதுதான் திரைச்சீலை தைத்துப் போட்டேன். பயமாக இருக்கிறது. இவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. இவரும் என்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல ஜோடி.

நவம்பர் 28, சனி

தோற்றோம். பூஜ்யத்துக்கு ஒன்று. அதுவும் எப்படி? எங்கெங்கோ போய்க்கொண்டிருந்த பந்து, எங்கள் ஆளின் பின்புறத்தில் பட்டு எங்கள் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. ஒருத்தர் பின்புறம் அரையடி நகர்ந்திருந்தால் என் வீடு தப்பித்திருக்கும்.

அப்பா எழுந்து மப்ளரைச் சுழற்றினார். தங்கை எழுந்திருக்கவில்லை, கைதட்டவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவள் கை என் கையைவிடச் சில்லென்று இருந்தது.

நவம்பர் 30, திங்கள்

மார்க் 2. வேலை இல்லை. ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

டிசம்பர் 9, புதன்

தங்கை கடைக்கு வந்தாள். நேராக உள்ளே வராமல் வரிசையில் நின்றாள், தலைவலி மாத்திரைக்காரருக்குப் பின்னால். அவள் முறை வந்ததும் அழுதுவிட்டாள்.

"அக்கா, பச்சை அணியில இவரைக் கூப்பிட்டிருக்காங்க. மூணு வருஷ ஒப்பந்தம். சத்தியமா நாங்களா போய்க் கேக்கலக்கா."

பின்னால் நின்றவர் இருமினார். அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அது எப்படிங்க, என் வீட்டுக்காரர் நாற்காலியில என் தங்கச்சி வீட்டுக்காரரா? என் திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னு அவ சமைப்பாளா? வீட்டுக்கு வந்து கத்தினேன். இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான்தான் ஒத்துக்கச் சொன்னேன். காலையிலயே போன் பண்ணிக் கேட்டாரு. நம்ம டீம் பசங்க நல்லவங்க, யார்கிட்டயோ போறதுக்கு இவர்கிட்ட போகட்டும்."

இந்த மனுஷனை என்ன செய்வது?

டிசம்பர் 18, வெள்ளி

மஞ்சள் அணியிலிருந்து போன். பாதி சீசனில் அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையாம். இவர் கிடைத்தார்.

அவள் இருப்பதும் கிளப் வீடுதான். இனி அவள் வீட்டுக்கு நாங்கள், எங்கள் வீட்டுக்கு அவர்கள். திரைச்சீலையை விட்டுவிட்டுப் போகிறேன். பதிலுக்கு அவள் பெரிய அடுப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று கறாராகப் பேசிவிட்டேன்.

ஜனவரி 4, திங்கள்

பேப்பரில் படங்கள் இடம் மாறியிருக்கின்றன. இவர் போட்டிருக்கும் மஞ்சள் ஜாக்கெட் சின்னவருடையது. கை மணிக்கட்டுக்கு மேலே நிற்கிறது. சனிக்கிழமை இரண்டு அணிகளும் மறுபடி ஒன்றுக்கு ஒன்று டிரா. இவர் 'நிதானமாக ஒரு புள்ளியைக் காப்பாற்றினார்'. எட்டு. சின்னவர் 'இரண்டு புள்ளிகளைக் கோட்டைவிட்டார்'. நான்கு.

தங்கை போன் பண்ணினாள். "அக்கா, மூணு வருஷம் இதை எப்படித் தாங்கின?"

"மருந்துக்கடையிலதானே இருக்கேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 10, ஞாயிறு

அப்பா வாசலுக்கே வந்து இவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார். ஸ்டூலில் சின்னவர்.

"பெரிய மாப்பிள்ளை சிலையாட்டம் நிக்கறாரே, அதுக்குப் பேருதான் நிதானம். சின்னவரு குதிக்கற குதியில பசங்களுக்குப் பதட்டம் வந்துடுது."

மூன்று வருடம் இந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வாய்ச் சோற்றை மென்று விழுங்கும் நேரம். அப்புறம் தங்கையைப் பார்த்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இல்லை. அந்தத் தட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதை நான்தான் மூன்று வருடம் பார்த்தேன்.

"அப்பா, தட்டுல ஒண்ணுமே வெக்காதப்பவே ஒரு கடைத் தராசு ஒரு பக்கமா சாஞ்சு நின்னா என்ன செய்வீங்க?"

"அதென்ன கேள்வி? சீல் வெச்சுத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"கடைக்காரர் கழுத்துல மஞ்சள் மப்ளர் இருந்தாலுமா?"

அப்பா மெதுவாக எழுந்து கை கழுவப் போனார். குழாயை மூட ரொம்ப நேரமாயிற்று.

ஜனவரி 17, ஞாயிறு

அப்பா வீட்டில் இன்னொரு கைவைத்த நாற்காலி. புதிது, பாலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. நாங்கள் போகும்போது அப்பா முட்டிபோட்டு, இரண்டும் ஒரே உயரம்தானா என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். மப்ளரை மட்டும் கழற்றவில்லை.

சாப்பாடு எடுத்துவைத்தும் மாப்பிள்ளைகள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் வெளிப்படியில் உட்கார்ந்து, நடுவே மூடிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, "இவனை இங்க போட்டா?" "வேணாம் சகலை, அவன் ஓட மாட்டான்."

"என்ன பண்றாங்க ரெண்டு பேரும்?" என்றார் அப்பா.

"இருமல் மருந்து மூடி வெச்சு விளையாடறாங்கப்பா. ரொம்ப நாளாவே."

அப்பா கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார். பிறகு காலியாக இருந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். "அப்ப இதுல யாரு உக்கார்றது?"

நானும் தங்கையும் உட்கார்ந்தோம்.