தண்ணீர் இல்லாத வெள்ளம்

நண்பா,

விழுப்புரத்தில் நேற்று வெள்ளக்காலத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், போனேன். என்னை உனக்குத் தெரியாதா? கையில் ஒரு டேப்லெட்டைத் திணித்தார்கள். திரையில் நம் திண்டிவனம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள காலனியிலிருந்து நோயாளிகளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். சீக்கிரம் சேர்த்தால் அதிக பாயிண்ட். பார்த்ததும் உன் நினைவு வந்தது, கூடவே கோபமும். அது உன் ஆட்டம்.

நீ அதைப் பள்ளி மைதானத்தில் ஆடவைத்தாய். பூகோள வாத்தியாரான நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் ஏரியும் தண்டவாள மேடும் சுரங்கப்பாதையும் செய்வதை ஊரே வேடிக்கை பார்த்தது. தீப்பெட்டிதான் ஆம்புலன்ஸ். ஆட்டம் சூடுபிடிக்கும்போது குடத்தைக் கவிழ்ப்பாய். என் நோயாளி தவறாமல் சுரங்கப்பாதையில் மூழ்குவார்.

"யோவ், ரோட்ட பாத்துக்கினே ஓட்டாத. மேடு எது, பள்ளம் எதுன்னு பாரு. தண்ணி உன் மேப்ப கேட்டுக்கினா வருது?" என்று கத்துவாய்.

பெரிய மனிதர்கள் வந்தார்கள், பாராட்டினார்கள், படம் எடுத்தார்கள், சட்டையில் மண் படாமல் கிளம்பினார்கள். நீ மாரடைப்பில் போன பிறகு ஆட்டத்தைத் திரையில் ஏற்றிவிட்டார்கள். தண்ணீரை மட்டும் ஏற்றவில்லை.

நேற்று நான் மேம்பாலம் வழியாகச் சுற்றிப் போனேன், கடைசி இடம். முதலிடம் அந்தக் காலனியிலேயே குடியிருக்கும் செல்விக்கு. சுரங்கப்பாதை வழியாகப் பறந்திருந்தாள்.

"ஏம்மா, மழை பேஞ்சா அங்க இடுப்பளவு தண்ணி நிக்குமே?"

"நிக்கும்ண்ணா. ஆனா அப்டி போனாத்தான் பாயிண்ட் ஏறுது. நீங்க சுத்திக்கினு போயி இன்னா கிழிச்சீங்க?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். அதற்குள் பயிற்சி கொடுப்பவர் கைதட்டி, "இதே ரூட்டை எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க" என்றார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வெள்ளத்துக்குன்னு கேம் பண்ணிட்டு தண்ணிய எங்க சார் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"அடுத்த வெர்ஷன்ல வரும் சார். சாப்பிடப் போங்க."

சாப்பாடு என்றால் முதல் பந்தியில் உட்காரும் நான் நகரவில்லை. செல்வியைக் கேட்டேன்: "மழை கொட்டுது. உன் மாமியாரத் தூக்கிக்கினு எப்டி போவ?"

யோசிக்கவே இல்லை. அவள் விரல் தானாகத் திரையில் சுரங்கப்பாதையைத் தொட்டது. தொட்ட விரலை அவளே பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"சார், இந்த பேஜாரே வேணாம். இன்னும் ரெண்டு தபா ஆடுனா எங்க ஊட்டாண்ட இருக்குற பள்ளமே மறந்துடும்" என்று டேப்லெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். காலனிப் பெண்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். பயிற்சி அத்தோடு முடிந்தது.

கலாட்டா செய்தேன் என்று என்மேல் புகார் போயிருக்கிறதாம். போகட்டும். உன் பொறுமையில் எனக்குத் துளியும் ஒட்டவில்லை. ஒட்டியது பள்ளம் தேடும் கண் மட்டும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட, பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கமாக உள்ளே வரும் என்றுதான் பார்க்கிறேன். பார்த்தபின் வாயை மூடவும் முடியவில்லை.