காலில் ஊர்ந்த கோடு

என்ரை பபிக்குஞ்சு,

மாதாவின் காவலில் நீயும் மருமகனும் நல்லாய் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் கதைத்தால் இரண்டு பேரும் அழுவோம், அதுதான் லீவில் வந்த எமில்ராஜ் திரும்பி நோர்வேக்கு வரும்போது இந்தக் கடிதத்தை அவனிடம் குடுத்துவிடுகிறேன்.

பிள்ளை, என்ரை கெண்டைக்காலில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. நூல் மாதிரி வளைந்து வளைந்து, சொறிந்தும் அடங்காத கடி, விடியப் பார்த்தால் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். பக்கத்து வீட்டுக் குணலட்சுமி பார்த்துவிட்டு, இது அக்கி நோய், அக்கா, காலைச் சுத்தி வந்து தலையும் வாலும் முட்டினால் ஆள் தப்பாது எண்டாள். காவி குழைத்துப் பூசினாள். அடுத்தநாள் காவிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. உன்ரை தம்பி கிறிஸ்ரி மோட்டச்சைக்கிளில் அடிபட்டுப் போய் ஒரு வருஷமும் ஆகவில்லை, அதற்குள் என்னையும் கொண்டுபோக வந்திட்டுது என்று நடுங்கிப்போனேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் பிள்ளை பார்த்தா. அம்மா, இது நாயின்ரை வயித்துப் புழு, நாய் பேலுற மண்ணிலை வெறுங்காலோடை இருந்தனீங்களோ எண்டு கேட்டா. அப்பாதான் சொன்னார். சேமக்காலையில் மற்றக் கல்லறை எல்லாம் சீமெந்து, கிறிஸ்ரியின் குழி மட்டும் இன்னும் மண். மெத்தென்று இருக்கிறதால் ஊர்நாய் எல்லாம் அதிலேதான் படுக்கும். பின்னேரத்தில் நான் அதுகளைக் கலைத்துவிட்டு அந்த இடத்திலேயே காலை நீட்டி இருந்து செபமாலை சொல்லுவேன். வீட்டுக்கு வந்து அப்பா கத்தினார், நாய் படுக்கிற மண்ணிலை குந்தியிருந்தால் அவன் எழும்பி வாறானோ எண்டு. பிறகு கிணற்றடியில் போய் நின்று அவரும் அழுதார்.

டொக்டர் தந்த குளிசை போட்டுக் கடி குறைந்துவிட்டது. புழு தோலோடை நிண்டு செத்துப்போகும், உள்ளுக்குப் போகாது, பயப்பிடாதேங்கோ எண்டுதான் டொக்டர் சொன்னா. ஆனால் பயம் போகவில்லை. நித்திரையிலும் ஏதோ ஊருகிற மாதிரியே இருக்கிறது.

நீ அங்கே வளர்க்கிற நாயைக் கட்டிலில் ஏற்றாதே, அதுக்குப் பூச்சிமருந்து தவறாமல் குடு. மாதா உங்கள் இரண்டு பேரையும் தன்ரை முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். டொக்டரிடம் கேட்க நினைத்து, விசரி என்பாவோ என்று பயந்து வந்துவிட்டேன், நீ படித்தவள், உன்னைக் கேட்கிறேன். கொஞ்ச நேரம் இருந்த என்ரை காலிலேயே ஏறின புழு, அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கிற என்ரை பிள்ளையைச் சும்மா விடுமோ, குஞ்சு?

உன்ரை அம்மா
செபஸ்தியம்மா