பென்சில் குறி

ஜூன் 12, வெள்ளி

சிறுசேரி ஆபீசில் ஒரு மாதமாக அயர்லாந்தில் ஒரு மாவட்டத்தின் பழைய தேர்தல் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த மாவட்டத் தொகுதியே இப்போது இல்லை. அந்தக் காலத்தில் அங்கே ரகசிய ஓட்டு கிடையாது. குத்தகை விவசாயி எல்லார் முன்னாலும் நின்று வேட்பாளர் பெயரைச் சொல்ல வேண்டும், குமாஸ்தா அதை இந்தப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். இன்று வந்த புத்தகத்தில் பண்ணையாரின் ஆள், அவர் சொன்னவருக்குப் போடாத குத்தகைக்காரர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் குறி போட்டிருந்தான். அடுத்த தேர்தலின் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். குறி விழுந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

சாயங்காலம் தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால், தேர்தல் முடிந்த பிறகும் எங்கள் தெரு பூத் ஏஜென்ட் செல்வம் வாக்காளர் பட்டியலோடு கேட் அருகே நின்று என் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"உங்க வூட்ல ரெண்டு ஓட்டு கீதுண்ணா. நம்ம கட்சிக்கு ஒண்ணுதான் வந்துகீது."

சிரித்தபடியே என்னைப் பார்த்தான். பிறகு பட்டியலில் பென்சிலால் ஏதோ போட்டான்.

நான் போட்டதை யாரும் பார்த்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் கையிலிருந்த பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் போனதும் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீ யாருக்குப் போட்ட?"

"நீங்க சொன்னவருக்குத்தான்."

அவர் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். தூங்குகிறாரா என்று தெரியவில்லை.

ஓட்டுப் போட்ட அன்று இந்த டைரியில் யாருக்குப் போட்டேன் என்ற உண்மையை எழுதியிருந்தேன். சற்று முன் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் எரித்துவிட்டு வந்தேன். எனக்கு அழுத்தி எழுதும் பழக்கம். அடுத்த பக்கத்தைத் தடவினால் அந்தப் பெயர் விரலில் தட்டுகிறது.